தழைத்தல் என்றால் செழித்தல் மட்டுமா? மாணவர் அகராதியின் பதிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாணவர் தமிழ் அகராதியின் பதிப்புக் குழுவினருக்கு,

உங்கள் அகராதியின் புதிய பதிப்பில் ‘தழைத்தல்’ என்ற சொல்லுக்கு நேரே ஒரே ஒரு சொல் நிற்கிறது: ‘செழித்தல்’. சரி, செழித்தல் என்றால் என்ன என்று பக்கத்தைப் புரட்டினால் ‘வளம்பெறுதல்’. வளம் என்றால் ‘செழிப்பு’. செழிப்பு என்றால் ‘வளமை, தழைப்பு’. செக்குமாடு ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. எண்ணெய்தான் வரவில்லை.

இதைச் சுட்டிக்காட்டி உங்களுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு நான்கு வரியில் ஒரு பதில் வந்தது: பக்க அளவு கருதிப் பதிவுகள் சுருக்கப்பட்டனவாம், ‘பொருளில் மாற்றம் ஏதும் இல்லை’யாம். சுருக்கியதை நான் பொறுத்துக்கொள்வேன். காகிதம் விற்கும் விலை எனக்கும் தெரியும். ஆனால் பொருளில் மாற்றம் இல்லை என்கிறீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இந்த மடலைப் பொதுவில் எழுதுவதும் அதனால்தான்.

26 ஆண்டுகளாகப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பில் ‘தழைத்தல்’ என்ற சொல்லை வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொன்னேன். 43 நோட்டுகள். இரவு திருத்த உட்கார்ந்தபோது நான்காவது நோட்டில், ‘மழைக்குப் பிறகு எங்கள் தெருவில் கொசு தழைத்தது’ என்று இருந்தது. சிரித்துக்கொண்டே சிவப்பு மையில் சுழித்தேன். ஏழாவது நோட்டில் ‘அப்பாவின் சம்பளம் தழைத்தது’. அதற்கடுத்த நோட்டில் ‘தாத்தாவுக்குச் சர்க்கரை நோய் தழைத்துவிட்டது’. சிரிப்பு நின்றுவிட்டது. மொத்தம் 11 பிள்ளைகள் இந்த மாதிரி எழுதியிருந்தார்கள். 11 பேரும் அகராதியைப் பார்த்து எழுதியவர்கள். பார்க்காமல் எழுதிய பிள்ளைகள் ‘ஆலமரம் தழைத்தது’ என்று சரியாகவே எழுதியிருந்தார்கள்.

மறுநாள் கொசு எழுதிய மாணவன் அகராதியை விரித்துப் பிடித்தபடி என் மேசைக்கு வந்தான். விரல் அந்த வரியின்மேல் இருந்தது. “அம்மா, தழைத்தல் என்றால் செழித்தல் என்று போட்டிருக்கிறது. கொசு நன்றாகத்தானே பெருகியிருக்கிறது? நான் எழுதியதில் என்ன தப்பு?” அவன் குதர்க்கம் பேசுகிற பிள்ளை இல்லை. சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால் அகராதியைப் பார் என்று ஆண்டு முழுக்க அவனை நச்சரித்தவள் நான்தான். சொன்னபடி செய்தான். அவன் முகத்தைப் பார்த்து, புத்தகத்தில் இருப்பது போதாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சொன்னேன்.

இதே அகராதியின் பழைய பதிப்பு, அட்டை பிய்ந்து நூலில் தொங்கிக்கொண்டு, இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதில் ‘தழை’ என்பதற்கு மூன்று தனிப் பதிவுகள். முதலாவது பெயர்ச்சொல்: இலைகளோடு கூடிய சிறு கிளை. இரண்டாவது ‘தழைக்க, தழைத்து’ என்று வரும் வினை: இலையும் கிளையுமாகப் படர்ந்து வளர்தல், குலம் நட்பு அறம் போன்றவை பெருகி நிலைத்தல். மூன்றாவது ‘தழைய, தழைந்து’ என்று வரும் வினை: தாழ்ந்து தொங்குதல். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். மொத்தம் எட்டு வரிகள். ஏழு வரியை மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். அந்த ஏழு வரியோடு என்னென்ன போயிற்று என்று பார்ப்போம்.

முதலில் போனது இலை. தழைத்தல் என்ற சொல்லுக்கு உடம்பே அதுதான். சங்கப் பாடல்களில் தலைவன் தலைவிக்குக் கையுறையாக, அதாவது அன்பளிப்பாக, கொண்டுவருவது தழை. அன்றைய பெண்கள் உடுத்தியது தழையாடை. ஆட்டுக்கு ஒடித்துப் போடுவது தழை, வயலில் மிதிப்பது பசுந்தழை உரம். நைட்ரஜனுக்குத் தமிழில் தழைச்சத்து என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பயிருக்கு அது எதைத் தருகிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. பாஸ்பரஸ் மணிச்சத்து, பொட்டாசியம் சாம்பல்சத்து. வேதியியலே படிக்காதவருக்கும் இந்த மூன்று பெயர்களும் பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும். உங்கள் புதிய பதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாணவன் தழைச்சத்து என்பதைப் பிரித்தால் என்ன கிடைக்கும்? ‘செழிப்புச் சத்து’. அப்படியானால் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் எதற்கு?

என் தந்தை நெல் பயிரிட்டவர். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து என்பதை உர மூட்டையில் படித்துக் காட்டியவள் நான். எந்த மூட்டை பயிரை என்ன செய்யும் என்பதை எனக்குக் காட்டியவர் அவர். ஒருமுறை பக்கத்து வயல் கருகருவென்று இருண்ட பச்சையில் நின்றது. “எப்படித் தழைத்திருக்கிறது பாருங்கள் அப்பா!” என்றேன். அவர் வரப்பிலிருந்து குனிந்து ஒரு தாளைப் பிடித்து இலையை விரலிடுக்கில் உருவினார். இலை வெற்றிலைபோல் துவண்டது. “இது தழைத்தது இல்லை அம்மா, மதாளித்தது. பூச்சி இதைத்தான் தேடி வரும். கதிர் பிடித்ததும் சாய்ந்துவிடும்” என்றார். மேலுரமாக இடும் யூரியா மிஞ்சினால் அப்படித்தான் ஆகும் என்பதை வேளாண்மை படித்தவர்கள் பிறகு எனக்கு விளக்கினார்கள். அவர் அன்று காட்டிய வேறுபாட்டுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு வயலும் பச்சைதான். ஒன்று தழைத்தது, மற்றது மதாளித்தது. உங்கள் அகராதியில் மதாளித்தல் இல்லை. இருந்திருந்தால் அதற்கும் ‘செழித்தல்’ என்றே போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எது தழைக்கும், எது தழைக்காது என்பது. மண் செழிக்கும், ஆனால் தழைக்காது. பணம் கொழிக்கும், அதுவும் தழைக்காது. ‘செல்வத்தில் கொழிக்கிறான்’ என்று சொல்லும்போது பேசுகிறவர் முகம் லேசாகக் கோணுகிறதே, அந்தக் கோணலும் சொல்லின் பொருளில் சேர்த்தி. லஞ்சமும் கலப்படமும் மலியும். முகம் பொலியும். கொசுவுக்குப் பெருகுவது போதும். நட்பு தழைக்கும், தொழில் தழைக்கும், வெட்டிய மரம் மறுபடி தழைக்கும். செய்தித்தாளில் ‘ஊழல் தழைத்தோங்குகிறது’ என்று எழுதுகிறார்களே என்பீர்கள். எழுதுகிறார்கள். அது குத்தல். தழைப்பது நல்லதற்கே உரியது என்று வாசகருக்குத் தெரிந்திருந்தால்தான் அந்தக் குத்தல் தைக்கும். என் மாணவனுக்கு அது தைக்காது. அவனுக்கு ஊழலும் கொசுவும் இயல்பாகவே தழைக்கின்றன.

‘தழைத்தோங்கு’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான் என்றால் இரண்டு எதற்கு? தழைப்பது பக்கவாட்டில், ஓங்குவது உயரத்தில். ஒரு மரத்தை அகலத்திலும் நெடுமையிலும் ஒரே மூச்சில் காட்டிவிடுகிறது அந்தக் கூட்டு. சேக்கிழார் ஞானசம்பந்தர் வரலாற்றைத் தொடங்கும்போது வேதநெறி தழைத்தோங்க, சைவத்துறை விளங்க, பூதபரம்பரை பொலிய என்று மூன்று வினைகளை மூன்று இடத்தில் நிறுத்துகிறார். ஒன்றைத் தூக்கி மற்றதன் இடத்தில் வைத்துப் பாருங்கள், ஓசை போகட்டும், காட்சியே குலைந்துவிடும். உங்கள் கணக்குப்படி மூன்றும் செழித்தல்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

‘ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி’ என்ற வாழ்த்து உங்கள் பழைய பதிப்பில் எடுத்துக்காட்டாக இருந்தது. அந்த வாழ்த்தோடுதான் எனக்கும் திருமணம் நடந்தது. பிறகு எட்டு ஆண்டுகள் பிள்ளை இல்லை. ‘குலம் தழைக்க ஒன்று வேண்டாமா?’ என்று யாராவது கேட்காத விசேஷ வீடு அந்த எட்டு ஆண்டில் ஒன்றுகூட இல்லை. இந்தச் சொல் காதில் விழுந்தாலே வயிற்றைப் பிசையும். ‘குலம் செழிக்க’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன். நானும் கணவரும் நல்ல வேலையில் இருந்தோம், வீடு கட்டியிருந்தோம், குடும்பம் செழிப்பாகவே இருந்தது. செழிப்பு ஒருவரோடு நின்றுவிடலாம். தழைப்பதற்குக் கிளை வேண்டும். கேட்டவர்களுக்கு அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். ‘உன் குடி தழைக்காது’ என்ற சாபமும் இதே இடத்திலிருந்து வருகிறது. இந்தப் பயன்பாட்டை அகராதி மறைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாழ்த்தை எழுதும் அதே இடத்தில், பிள்ளையில்லாதவரைக் குத்தவும் இந்தச் சொல் பயன்படுகிறது என்று ஒரு வரி சேருங்கள் என்றே கேட்கிறேன். வகுப்பில் இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் அதையும் சொல்கிறேன்.

மூன்றாவது பதிவை முழுதாகவே எடுத்துவிட்டீர்கள். தழையத் தழையக் கட்டிய வேட்டி, தோளுக்குக் கீழே தழைந்த கூந்தல், பழப் பாரத்தில் தரையைத் தொடும்படி தழைந்த கிளை. ‘குரல் தழைந்தது’ என்கிறோம். சண்டையில் ‘நீ கொஞ்சம் தழைந்து போ’ என்கிறோம். தழைத்தது என்றால் ஒன்று, தழைந்தது என்றால் வேறு, ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தனவா என்பதைச் சொற்பிறப்பு அறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன். எனக்கென்னவோ இலை நிறைந்த கிளை தானாகவே கீழே வளைவது கண்ணில் வருகிறது. வினை எப்படித் திரியும் என்று காட்டாத அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை இந்த இரண்டையும் எப்படிப் பிரிக்கும்? 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஒவ்வொரு வினைக்கும் அது திரியும் வகையை எண்ணிட்டுக் காட்டியது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ‘தழைக்க, தழைத்து’ என்பதுபோல் எச்ச வடிவங்களையே பக்கத்தில் தந்தது. அவை பெரியவர்களுக்கான அகராதிகள். பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதலாகத் தேவை. நீங்கள் குறைத்திருக்கிறீர்கள்.

பள்ளியோடு இது நின்றுவிடவில்லை. தெரிந்தவர் ஒருவர் தாய்சேய் நலம் பற்றிய துண்டறிக்கையை எழுத்துப்பிழை பார்க்கக் கொடுத்தார். எங்கோ ஆங்கிலத்திலிருந்து வந்தது. அதில், ‘உங்கள் குழந்தை தழைக்கவில்லை எனில் உடனே மருத்துவரை அணுகவும்’ என்று இருந்தது. மொழிபெயர்த்த இளைஞரிடம் கேட்டேன். அவரும் உங்கள் அகராதியைத்தான் காட்டினார். கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு தாய் அந்த வரியைப் படித்தால் என்ன நினைப்பாள்? பிள்ளைக்கு வம்சம் இல்லாமல் போய்விடும் என்று யாரோ சாபம் போட்டதாக நினைப்பாள். தாய்மார்களுக்கு அதற்கென்று சொல் இருக்கிறது. ‘பிள்ளை தேறவே இல்லை’ என்பார்கள். ‘பால் குடிக்கிறான், உடம்பில் பிடிக்கவில்லை’ என்பார்கள். தாய் அடுத்த பிள்ளையை உண்டாகி, பால் மறந்து மெலிந்த குழந்தைக்குச் சவலை என்று தனிச் சொல்லே உண்டு. தேறுதல் என்பதற்கு உங்கள் அகராதி தருவது ‘தேர்ச்சி பெறுதல்’ மட்டும். பரீட்சை எழுதுகிறவர்தான் தேறலாம் போலிருக்கிறது. துண்டறிக்கையில் ‘உங்கள் குழந்தையின் உடம்பு தேறவில்லை என்றால், எடை ஏறவில்லை என்றால்’ என்று மாற்றிக் கொடுத்தேன்.

உங்கள் தரப்பில் ஒரு வாதம் இருக்கும் என்று நினைக்கிறேன். செய்யுளில் அமைந்த சொற்பொருள் நூல்களான பழைய நிகண்டுகளும் ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைத்தானே கொடுத்தன, திவாகரமும் பிங்கலமும் செய்யாததையா நாங்கள் செய்துவிட்டோம் என்று கேட்கலாம். நிகண்டை மனப்பாடம் செய்தவர்கள் செய்யுள் எழுதவும் படிக்கவும் புகுந்தவர்கள். சொல் புழங்கும் இடம் அவர்களுக்கு ஆசிரியர் வாயிலாகவும் வாழ்க்கையிலிருந்தும் முன்பே கிடைத்திருந்தது. இன்று என் வகுப்பில் ஆட்டுக்குத் தழை ஒடித்த கை நான்கோ ஐந்தோ இருக்கும். மற்றவர்களுக்கு அகராதியே முதல் இடம்.

தொல்காப்பியர் உங்களுக்கு ஆதரவாக இருப்பார் என்று தோன்றலாம். ‘பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம்பு இன்றே’ என்று உரியியலில் சொல்லியிருக்கிறார். பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் முடிவே இராது. உண்மைதான். ஆனால் அடுத்த நூற்பாவையும் படியுங்கள்: ‘பொருட்குத் திரிபு இல்லை உணர்த்த வல்லின்’. உணர்த்தத் தெரிந்தால் பொருள் பிறழாது. அதே இயலின் தொடக்கத்தில் இன்னொன்றும் சொல்கிறார், வெளிப்படையான சொல்லைச் சொல்ல வேண்டா, வெளிப்படாத சொல்லையே விளக்க வேண்டும் என்று. தெரியாததைத் தெரிந்ததால் விளக்குவது அவர் வகுத்த வழி. உங்கள் புதிய பதிப்பு தெரியாத ஒன்றுக்கு, அதே அளவு தெரியாத இன்னொன்றைக் கொடுத்துவிட்டு, அதற்கும் முதல் சொல்லையே பொருளாகப் போடுகிறது.

நான் கேட்பவை இவை.

‘தழை’க்கு இருந்த மூன்று பதிவுகளையும், வினைத்திரிபுகளோடும் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடும், அடுத்த அச்சில் திரும்பச் சேருங்கள். செழி, கொழி, மலி, பொலி, பெருகு, ஓங்கு, தேறு ஆகியவற்றை ஒருசேர மேசையில் வைத்து ஒருவரே பாருங்கள். தனித்தனி ஆட்கள் தனித்தனி எழுத்தைச் சுருக்கியதால்தான் இந்தச் சுழல் நேர்ந்திருக்கும் என்பது என் ஊகம். எந்த வினைச்சொல்லுக்கும் ஒற்றைச் சொல்லைப் பொருளாகத் தருவதை விதியாகவே நிறுத்துங்கள். அந்த வினைக்கு எவை எழுவாயாக வரும் என்று அடைப்புக்குறிக்குள் இரண்டு சொல்லாவது போடுங்கள். பக்கம் போதாது என்றால் பின்னிணைப்பில் இருக்கும் வண்ணப் படங்களில் நான்கு பக்கத்தைக் குறையுங்கள். தேசியப் பறவை எது என்பது வேறு எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

அச்சு மாறும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. பள்ளிகள் ஏற்கெனவே வாங்கிவிட்ட படிகளுக்கு ஒரு பிழைதிருத்தத் தாளை அச்சிட்டு அனுப்புங்கள். ஒரு தாளில் இரண்டு பக்கம் போதும். சுருக்கப்பட்ட வினைப் பதிவுகளின் முழுப் பட்டியலையும் வெளியிடுங்கள். தமிழாசிரியர்கள் சரிபார்த்துத் தருவோம், அதற்கு ஊதியம் வேண்டாம்.

‘பொருளில் மாற்றம் ஏதும் இல்லை’ என்ற அந்தப் பதிலை எழுத்து மூலமாகத் திரும்பப் பெறுங்கள்.

அந்த 43 வாக்கியங்களையும், பெயர்களை நீக்கி, படியெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். அகராதியைப் பார்த்து எழுதிய 11 பேருக்கும் நான் இன்னும் மதிப்பெண் போடவில்லை. கொசு எழுதியவன் தினமும் கேட்கிறான். உங்கள் திருத்தத் தாள் ஆண்டுத் தேர்வுக்கு முன்பாக வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்புத் தமிழாசிரியை